கொட்டாவி இல்லாத பிரதி

அசையும் படம் என்ற ஒன்றை இந்த உலகத்துக்குக் கொடுத்தவள் ரீலத்தைதான். பாடப்புத்தகத்தில் வேறு யார் யார் பெயரையோ போட்டிருப்பார்கள். அச்சடித்த அன்றைக்கு அத்தை ஊரில் இல்லாததால் நேர்ந்த குளறுபடி அது. சூரியன்கூட தினமும் இவளிடம் ஒரு சுருளை வாடகைக்கு வாங்கிப் போட்டுப் பார்த்து, எந்த ஜன்னலில் எவ்வளவு வெளிச்சம் அடிக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் மேலே ஏறுகிறது. பெரிய பெரிய சினிமாக் கம்பெனி முதலாளிகள் இந்தத் தெருப்பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள். அவ்வளவு பயம்.

இதில் நிஜம் எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு: தெருமுனையில் ஒரு பஞ்சர் கடை, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு இரண்டு அறை. அது நிஜம். உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் இரும்பு அலமாரி, அதில் அடுக்கடுக்காகத் தகர டப்பாக்கள், டப்பாவுக்குள் பிலிம் சுருள். முன்பக்கமிருந்து டயர் வாசனை வரும். பின்பக்கமிருந்து காடி வாசனை வரும், ஏனென்றால் பிலிமுக்கு வயசானால் புளிக்கும். முதல்முறை வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, மூக்கை விட்டுவிட்டு, உடனே மறுபடி பிடித்துக்கொள்வார்கள்.

அத்தையின் தொழில் படச்சுருள்களை வாடகைக்கு விடுவது. ரீல் விடுகிறவள் என்று தெருவே சிரிக்கும். பெரியவர்களுக்கு ரீலக்கா, சின்னவர்களுக்கு ரீலத்தை. அவளுக்கு அதில் கோபமே கிடையாது. "ஊருல எல்லாரும் சும்மா விடுறாங்க, நான் வாடகைக்கு விடுறேன், அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள்.

ஆனால் சாதாரணப் படங்கள் இல்லை. எல்லாம் பரிசோதனைப் படங்கள். கதை இருக்காது, கதாநாயகன் இருக்கமாட்டான், சண்டை, பாட்டு, கண்ணீர் எதுவும் கிடையாது. ஒரு படம் முழுக்க ஒரு சுவர். காரை பெயர்ந்த சுவர். அதன்மேல் ஒரு நிழல் வரும், போகும், படம் முடிந்துவிடும். இன்னொன்றில் கேமராவே இல்லை; எடுத்தவர் வெறும் பிலிமை ஊசியால் கீறிவைத்திருக்கிறார், ஓடவிட்டால் திரையில் மழை பெய்கிற மாதிரி கோடு கோடாய் இறங்கும். இதையெல்லாம் கலைக்கல்லூரிகளும் அருங்காட்சியகங்களும் வெவ்வேறு ஊர் திரைப்படச் சங்கங்களும் வாடகைக்கு வாங்கிப் போய், இருட்டில் உட்கார்ந்து பார்த்து, வெளிச்சம் வந்ததும் சண்டை போட்டுவிட்டு, பார்சலில் திருப்பி அனுப்புவார்கள்.

பார்சல் வந்ததும் அத்தையின் வேலை ஆரம்பிக்கும். பருத்திக் கையுறை போட்டுக்கொள்வாள். மேஜையின் இரண்டு முனையிலும் இரும்புக் கை, ஒன்றில் வந்த சுருள், மற்றதில் வெறும் சக்கரம். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற பிலிம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். ஓடும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். எங்காவது ஓரத்து ஓட்டை கிழிந்திருந்தால், பழைய ஒட்டு பிரிந்திருந்தால், விரல் நின்றுவிடும். கை நிற்கும். வாய் ஆரம்பிக்கும். "எவன்டா இதைப் பல்லால கடிச்சவன்?" நறுக்கி, டேப் போட்டு, தேய்த்து, மறுபடி சுற்றுவாள்.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அத்தை ஒரு படத்தைக்கூடத் திரையில் பார்த்தது கிடையாது. படம் எடுப்பவர்கள் நாலைந்து பேர் கூடி ஆரம்பித்த கடையில் டைப் அடிக்க வந்தவள் அவள். அவர்கள் ஒவ்வொருவராய் நழுவிவிட்டார்கள், இவள் டப்பாக்களோடு மிஞ்சினாள். படங்களை விரலால் தெரியும். 'சுவரா, அது நடுவுல மூணு ஒட்டு.' 'மழையா, அது கையுறையைக் கிழிக்கும்.' ஏன் ஒருநாளாவது போட்டுப் பார்க்கக்கூடாது என்று அவள் தம்பி கேட்டதற்கு, "முடி வெட்டுறவர் ஒவ்வொரு மண்டைக்குள்ளயும் எட்டிப் பார்த்துக்கிட்டா இருக்காரு?" என்று திருப்பிக் கேட்டாள்.

தம்பி மாடியில் குடியிருந்தான். மின்சாமான் கடையில் வேலை. அவனுக்கு ஒரு பிள்ளை, பெயரை எல்லாரும் மறந்தாகிவிட்டது, வால் என்றால்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கும் வாலுக்கும் இருந்த உறவு அவ்வப்போது வந்துபோகிற உறவு. ஒருமுறை வால் கீழே இறங்கிவந்து இரண்டு டப்பாவின் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டுப் போனது. பூனைப் படம் கேட்ட சங்கத்துக்குச் சுவர்ப் படம் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. 'பூனை கண்ணில் படாமலே இருப்பதுதான் இந்தப் படத்தின் பெருமை' என்று ஃபோனில் பாராட்டினார்கள். அத்தை "அப்படிங்களா, சந்தோஷம்" என்று வைத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள். "வாலு! இறங்கி வா!" வால் அன்று முழுக்க இறங்கவில்லை.

அந்தப் பூனைப் படத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் கடைக்கு உயிர் கொடுத்ததே அதுதான். ஒரு ஜன்னல், ஒரு திரைச்சீலை, ஜன்னல் விளிம்பில் படுத்திருக்கும் ஒரு பூனை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளிச்சம் மாறுகிறது. பூனை அசையவில்லை. படம் கால்மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடி, சட்டென்று முடிந்துவிடும்.

பூனை தூங்குகிறதா, செத்துவிட்டதா? இதுதான் பிரச்சினை. படம் போன ஊரிலெல்லாம் இரண்டு கட்சி உண்டாகிவிடும். இந்த ஊர்ச் சங்கத்தில் தூக்கக் கட்சிக்குப் பல் டாக்டரம்மா தலைமை, சாவுக் கட்சிக்குக் கணக்கு வாத்தியார் தலைமை. வருஷா வருஷம் அதே படத்தை வாடகைக்கு எடுத்து, வருஷா வருஷம் அதே சண்டையைப் புதுசாகப் போட்டார்கள். வாத்தியார் ஒருமுறை பூனையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கத் திரைக்குப் பக்கத்தில் ஸ்கேலோடு போய் நின்று, தன் தலையின் நிழலை அளந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் டிவிடி வந்து விழுந்தது.

வீடியோ கேசட் காலத்தில் அத்தைக்கு ஒரு கீறலும் இல்லை. அடிதடிப் படத்தையும் காதல் படத்தையும் கேசட்டில் போட்டு விற்றார்கள், காரை பெயர்ந்த சுவரை யார் போடப்போகிறார்கள்? ஆனால் டிவிடி வந்து கொஞ்ச நாளில், எங்கேயோ ஒரு கம்பெனி, படம் எடுத்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்து, சுவர், மழை, பூனை எல்லாவற்றையும் அழகான ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடைத்து விற்க ஆரம்பித்தது. முதலில் கழன்றது கல்லூரிகள். புரொஜெக்டரைத் தூக்கி, பல்பு மாற்றி, பிலிம் மாட்டத் தெரிந்த ஆளைத் தேடி அலைவது பேராசிரியர்களுக்கு எப்போதுமே கசப்பு. தட்டைச் செருகினால் வேலை முடிந்தது என்றதும் ஓடியே போய்விட்டார்கள். பிறகு அருங்காட்சியகங்கள். பிறகு வெளியூர்ச் சங்கங்கள்.

அத்தைக்கு இது உறைத்தது பார்சல் கட்டும் சணல் உருண்டையில்தான். முன்பெல்லாம் உருண்டை மளமளவென்று இளைக்கும். இப்போது போன மாதம் எப்படி இருந்ததோ அப்படியே, கொழுத்துப்போய், மேஜைமேல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

பஞ்சர் கடைக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கு டயர் வைக்க இடம் போதவில்லை. ஒருநாள் இஞ்ச் டேப்போடு பின்னறைக்குள் வந்து நின்றார்.

"என்ன அளக்குறீங்க?"

"சும்மாதான்கா. கை சும்மா இருக்கேன்னு."

"சும்மா இருக்குற கைக்கு என் சுவர்தான் கிடைச்சுதா?"

"வீட்டுக்கார ஐயா கேட்டாரு. நீங்க காலி பண்ணினா எனக்குத் தரேன்னாரு. நீங்க பண்ணினாத்தான்" என்று சொல்லிவிட்டு, போகிறபோக்கில் இன்னொரு சுவரையும் அளந்துகொண்டு போனார்.

காலி செய்தால் டப்பாக்கள் எங்கே போகும் என்பது அத்தைக்குத் தெரியும். ஒரு பெரிய அருங்காட்சியகத்தின் நிலவறை. அவர்கள் முன்னமே கேட்டிருந்தார்கள். நல்ல குளிர், நல்ல பூட்டு. ஆனால் ஒருமுறை உள்ளே போனால் எந்தச் சுருளும் வெளியே வராது, எந்த விரலும் படாது. "ஜெயில்லகூட வாரத்துக்கு ஒருதடவை யாராவது வந்து பார்ப்பாங்க" என்று தம்பியிடம் சொன்னாள்.

தம்பி தலையை ஆட்டினான். கண்ணைப் பார்க்கவில்லை. அந்த டிவிடி பெட்டி ஒன்று அவன் சட்டை அலமாரியில், இரண்டு கம்பளிக்கு நடுவில், அக்கா கண்ணில் படாமல் படுத்திருந்தது. கடையில் சலுகைவிலைக்குக் கொடுத்தார்களாம். வாங்கிய அன்றிலிருந்து அவனுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

கடைசியாக மிஞ்சியது இந்த ஊர்ச் சங்கம் ஒன்றுதான். அவர்கள் வருஷம் முழுக்க மாதம் ஒரு சுருள் என்று எடுத்தால் அறையைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் டயர்.

சங்கத் தலைவர் பேங்கில் வேலை பார்ப்பவர். கெட்ட சேதியையும் நல்ல சேதியையும் ஒரே முகத்தோடு சொல்லிப் பழகியவர். அன்றைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ரீலக்கா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"தெரியலைன்னா சொல்லாதீங்க. டீ குடிங்க."

"டிவிடி பெட்டி வாங்கிட்டோம். எல்லாப் படமும் அதுலயே இருக்கு. இனிமே சுருள் எதுக்குன்னு கமிட்டியில கேக்குறாங்க."

அத்தை கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். அப்புறம் அவள் சொன்னதை அவளே எதிர்பார்க்கவில்லை. "சரி. ஒரே நாள்ல ரெண்டையும் போடுங்க. முதல்ல உங்க டிவிடி, அப்புறம் என் சுருள். பூனைப் படம். பார்த்துட்டு உங்க ஆளுங்களே சொல்லட்டும். டிவிடி போதும்னா நான் டப்பாவையெல்லாம் அனுப்பிடறேன்."

தலைவருக்குச் சந்தோஷம். நியாயமாக நடந்துகொண்ட மாதிரியும் இருக்கும், சண்டை போட்ட மாதிரியும் இருக்காது. ஒத்துக்கொண்டு போய்விட்டார்.

எந்தத் தைரியத்தில் சொன்னாள்? தைரியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வாய் முந்திக்கொண்டது. அவள் டிவிடியையும் பார்த்ததில்லை, சுருளையும் பார்த்ததில்லை. இரண்டு பேரையும் முன்பின் பார்க்காமல் குஸ்திக்கு ஆள் விட்ட கதை. தலைவர் போனதும் மாடிக்கு ஏறிப்போய்க் கேட்டாள். "அந்தப் பூனைப் படம் எப்படி இருக்கும்? யாராவது பார்த்திருக்கீங்களா?"

தம்பிக்குப் புரையேறியது. வால் அவன் முதுகில் தட்டியது, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

சங்கக் கூட்டம் நூலகத்தின் மேல்மாடியில் நடக்கும். மடக்கு நாற்காலிகள், ஒரு வெள்ளைத் திரை, கதவுக்கு வெளியே குடை மாட்டும் கம்பி. அத்தை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். டிவிடி வந்ததிலிருந்து சங்கத்தில் புரொஜெக்டர் ஓட்டுகிறவர் வருவதை நிறுத்திவிட்டார், அதனால் மெஷினைத் துடைத்து மாட்டுகிற வேலையும் இவள் தலையில். வாலும் வந்திருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து ஆரம்பம் முதல் முடிவு வரை இரண்டு கண்ணாலும் பார்த்தது. அதனால்தான் இதை இவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லமுடிகிறது.

முதலில் டிவிடி. சக்கரம் வைத்த பெரிய டிவியை உருட்டிக்கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரிமோட் தலைவர் கையில். பூனைப் படத்தைத் தேடி எடுப்பதற்குள் பெட்டியின் முகப்பு இசை நாலுமுறை சுற்றிவந்தது. படம் ஆரம்பித்தது. பல் டாக்டரம்மாவுக்கு ஃபோன் வந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க, வந்துடறேன்."

நிறுத்தினார். வந்தார். ஓட்டினார். யாரோ தண்ணீர் குடிக்க எழுந்தார்கள். மறுபடி நிறுத்தினார். கணக்கு வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். "தெரிஞ்ச படம்தானே. நடுவுல கொஞ்சம் வேகமா ஓட்டுங்களேன்."

காலை வெளிச்சம் கண்மூடித் திறப்பதற்குள் மத்தியானமாகி, மத்தியானம் சாயங்காலமாகியது. பிறகு அது நடந்தது. படத்தின் கடைசியில், இத்தனை வருஷமும் சட்டென்று முடிந்துபோன அதே இடத்துக்குப் பிறகு, இன்னும் கொஞ்சம் படம் இருந்தது. பூனை தலையைத் தூக்கியது. நேராகப் பார்த்தது. வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. முடிந்தது.

அறையே சிரித்தது. "பார்த்தீங்களா சார்? பார்த்தீங்களா?" என்று டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். தலைவர் பின்னால் ஓட்டி, கொட்டாவியில் நிறுத்தினார். டாக்டரம்மா டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். "கடைவாய்ப் பல்லுல காரை. எலும்பே குடுத்திருக்க மாட்டாங்க போல."

கணக்கு வாத்தியார் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். வருஷக்கணக்காய்க் கட்டிக்காத்த ஒரு சாவு கண்ணெதிரே கொட்டாவி விட்டுவிட்டது, மனுஷர் என்ன செய்வார்? அவ்வளவுதானா என்று நாலைந்து பேர் பையை எடுத்தார்கள். அப்போது தலைவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ரீலக்கா, உங்க பிரதியில இந்தக் கொட்டாவி வரவே வராதே. ஏன்?"

எல்லாத் தலையும் திரும்பியது. அத்தை அந்தக் கொட்டாவியை அப்போதுதான் பார்த்திருந்தாள், பூனையையும் அப்போதுதான் முழுசாகப் பார்த்திருந்தாள். விரல்தான் முதலில் ஞாபகப்படுத்தியது.

"ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு காலேஜ் மெஷின் கடைசித் துண்டைக் கடிச்சு அனுப்புச்சு. அப்பளமா நொறுங்கிப் போயிருந்துச்சு. நறுக்கிப் போட்டுட்டு வால்பக்கம் வெள்ளைப் பிலிம் ஒட்டினேன்."

"அதுல கொட்டாவி இருந்துச்சா?"

"நொறுங்கினதுல என்ன தெரியும்? பூனையா இருந்துச்சு."

"அப்போ இத்தனை வருஷமா நாங்க அடிச்சுக்கிட்டதெல்லாம்..."

"மெஷின் கடிச்ச துண்டுக்குத்தான்" என்றாள் அத்தை.

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. முழுப் படம் அவர்களிடம், வால் அறுந்த படம் தன்னிடம். போட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? டப்பாவின் மூடியைக் கையால் அழுத்தினாள். ஆனால் தலைவர் பேங்க்காரர், சொன்ன சொல்லில் வட்டிகூடக் குறைக்கமாட்டார். "ரெண்டையும் போடுறதுன்னு பேச்சு. போட்டுடுங்க."

விளக்கை அணைத்தார்கள். மெஷின் நடு நாற்காலிகளுக்கு இடையில் நின்றது, அதனால் யார் எழுந்தாலும் அவர்கள் தலை திரையில் விழும். ஒருவரும் எழவில்லை. டர்ரென்று ஒரே சீரான சத்தம். வெளிச்சத்தில் தூசி மிதந்தது. திரையை அடைத்துக்கொண்டு ஜன்னல் வந்து நின்றது. நீலத் திரைச்சீலை காற்றில் உப்பி, பூனையின் முதுகைத் தொட்டுவிட்டு, தொட்டது தப்போ என்கிற மாதிரி பின்வாங்கியது. வெளிச்சம் விளிம்பில் ஊர்ந்தது. நடுவில் நிறுத்த முடியாது, வேகமாக ஓட்டவும் முடியாது. ஃபோன் அடித்ததா என்றே யாருக்கும் தெரியவில்லை.

அத்தை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். தன் இரண்டு விரலுக்கு நடுவில் இத்தனை முறை ஓடிய பூனை இதுதானா? இவ்வளவு பெரிசா? ஒவ்வொரு ஒட்டும் வருவதற்கு முன்பே அவள் கட்டைவிரல் துடித்தது. ஒட்டு வந்து, ஒரு துள்ளு துள்ளி, போனது. பூனை உயிரோடுதான் இருக்கிறது என்று இப்போது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், முடிவு நெருங்க நெருங்க, நாற்காலிகள் ஒவ்வொன்றாய் முன்னால் சாய்ந்து கிறீச்சிட்டன. பூனை அசையவில்லை. வெள்ளை வெளிச்சம். முடிந்தது.

அத்தை மெஷினை நிறுத்தினாள். பிறகு இருட்டிலேயே கணக்கு வாத்தியாரின் குரல் வந்தது.

"செத்துப்போச்சு."

"சார்! இப்பதானே கொட்டாவி விட்டுச்சு? பல்லெல்லாம் பார்த்தோமே!"

"அது அந்தப் பூனைம்மா. டிவியில இருக்குற பூனை. அது நல்லா இருக்கட்டும், நூறு வருஷம் இருக்கட்டும். இந்தப் பூனை கடைசி வரைக்கும் எழுந்திருக்கல. நான் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"ரெண்டும் ஒரே பூனை சார்!"

"எப்படி ஒரே பூனை? அதுல பளிச்சுனு காலை வெயில். இதுல பாருங்க, எல்லாமே அந்தி மாதிரி இருந்துச்சு. ஆரம்பத்துலேருந்தே அந்தி. அப்படிப்பட்ட இடத்துல படுத்த பூனை எழுந்திருக்குமா?"

"கணக்கு வாத்தியார் பேசுற பேச்சா இது?"

"கணக்குதான் பேசுறேன். அங்க ஒரு கொட்டாவி, இங்க பூஜ்யம். ஒண்ணும் பூஜ்யமும் ஒண்ணா?"

அதற்குப் பிறகு யார் பேசியது, யார் கேட்டது என்று பிரிக்க முடியவில்லை. டாக்டரம்மா மேஜையைத் தட்டினார். பையை எடுத்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டையில் இறங்கினார்கள். நூலகக் காவலாளி இரண்டுமுறை வந்து சாவியை ஆட்டிக்காட்டிவிட்டு, மூன்றாவது முறை வந்து உட்கார்ந்து, சாவுக் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

தலைவர் மட்டும் சண்டையில் சேராமல் கதவுப்பக்கம் எட்டிப்பார்த்தார். கம்பியில் எல்லாக் குடையும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அத்தையைக் கதவோரம் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ரீலக்கா, ஒரு விஷயம். அந்தப் பெட்டி என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. மேல சுத்தின காகிதத்தையே நான் இன்னும் பிரிக்கல."

"ஏன்?"

"எங்க போயிடப் போகுது, என்னைக்காவது பார்த்துக்கலாம்னு இருக்கு. உங்க சுருள்னா திங்கட்கிழமை திருப்பி அனுப்பணும். அதனால உட்கார்ந்து பார்த்துடறோம்." பிறகு, "மாசத்துக்கு ஒண்ணு. வருஷம் முழுக்க. நான் கமிட்டியில பேசிக்கறேன்" என்றார்.

"அங்க பேசுறாங்களே, அவங்கதானே கமிட்டி?"

"ஆமா. இப்ப பேச முடியாது. சண்டை முடியட்டும்."

அத்தை சுருளைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்தாள். அவ்வளவு சத்தத்திலும் கைப்பிடியின் சத்தம் தனியாகக் கேட்டது. வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றினாள்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது ரீல். கல்லூரிகள் போனது போனதுதான், ஒன்றுகூடத் திரும்பவில்லை. சுவர்ப் படத்தை இப்போது யாரும் கேட்பதில்லை, அதை வீட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடலாமாம். ஆனால் வேறொன்று நடந்தது. பூனைச் சண்டை ஊர்விட்டு ஊர் பரவி, டிவிடி வாங்கிவைத்திருக்கிறவர்களே ஃபோன் செய்ய ஆரம்பித்தார்கள். எங்களிடம் இருப்பதில் பூனை கொட்டாவி விடுகிறது, உங்களிடம் விடாத பூனை இருக்கிறதாமே, அது கிடைக்குமா? டிவிடி கம்பெனிக்காரன் தன் காசில் அத்தைக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தான், பாவம், அவனுக்கே தெரியாமல்.

படம் எடுத்தவருக்கும் சேதி போய், அவர் ஃபோனில் கொதித்தார். "என் கொட்டாவியை நறுக்கிட்டீங்களாமே!" மறுவாரம் விடுபட்ட கடைசித் துண்டைப் புதுசாகப் பிரதி எடுத்து, உள்ளங்கை அகல டப்பாவில் அனுப்பிவைத்தார். அத்தை அதை ஒட்டவில்லை. தனியாக வைத்தாள். இப்போது யார் ஃபோன் செய்தாலும் முதல் கேள்வி, "கொட்டாவியோடயா, கொட்டாவி இல்லாமலா?" என்பதுதான். படம் எடுத்தவரே தன் ஊர்ச் சங்கத்துக்கு வேண்டும் என்று கேட்டபோது, கொஞ்சம் இருமிவிட்டு, "இல்லாமலே அனுப்புங்க" என்றாராம்.

சணல் உருண்டை இழுப்பறையிலிருந்து மேஜைக்கு வந்து இளைக்கத் தொடங்கியது. பஞ்சர் கடைக்காரர் டயர்களை மொட்டைமாடிக்கு ஏற்றினார். உலகத்தில் சினிமா பிழைத்தது இப்படித்தான், ரீலத்தையால்.

இவ்வளவையும் எழுதி முடித்த காகிதங்களை அத்தையின் மேஜையில் வைத்துவிட்டு, பாராட்டு வரும் என்று அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது வால். ஆமாம், எழுதினது வால்தான். வேறு யார் இந்தத் தெருவில் இவ்வளவு அழகாக எழுதுவார்கள்?

அத்தை கையுறையோடு படித்தாள். சூரியன் வரும் இடத்தில் "அடப்பாவி" என்றாள். இஞ்ச் டேப் வரும் இடத்தில் சிரித்தாள். தம்பியின் கம்பளிகள் வரும் இடத்தில் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. கிழிந்த ஓட்டையில் நிற்குமே, அதே மாதிரி.

"நீலத் திரைச்சீலையா?"

"ஆமா அத்தை. காத்துல உப்பும். நல்லா இருக்குல்ல?"

"என் சுருள்ல நீலம் ஏது? மத்த சாயமெல்லாம் இறங்கிப்போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, சிவப்பு மட்டும்தான் மிச்சம். ஜன்னல், பூனை, திரைச்சீலை, எல்லாமே செக்கச்சிவப்பா இருக்கும். அதைத்தான் வாத்தியார் அந்தி மாதிரின்னாரு. நீயே எழுதிவெச்சிருக்கே. எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு யோசிக்கல?"

வால் காடி வாசனையை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"நீலம் டிவிடியிலதான் இருக்கு. கம்பளிக்கு நடுவுலேருந்து எடுத்து, சோபாவுல படுத்துக்கிட்டுப் பார்த்துட்டு, பின்வரிசையில உட்கார்ந்தேன், ரெண்டு கண்ணால பார்த்தேன்..." காகிதத்தைப் புரட்டினாள். "ஆனா பேச்சு ஒண்ணுகூடத் தப்பில்லையே. அப்போ வந்திருக்கே. எங்க நின்னே?"

"குடைக்குப் பக்கத்துல. கதவுக்கு வெளியில."

"ஏன் உள்ள வரல?"

"நீங்க தோத்துட்டா..." என்று வால் ஆரம்பித்து, முடிக்காமல், ஒரு டப்பாவின் பெயர்ச்சீட்டை நகத்தால் சுரண்டியது.

அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டாள். எழுந்துபோய்ப் பூனை டப்பாவை எடுத்தாள். சங்கத்திலிருந்து துடைக்கக் கொண்டுவந்திருந்த மெஷினில் மாட்டி, காலிச் சுவரைப் பார்த்துத் திருப்பினாள். ஜன்னலைச் சாத்தினாள். சுவரோரம் இருந்த ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உட்காரு. நடுவுல நிறுத்துறதுக்கு இங்க ரிமோட் கிடையாது."